பரம்பரை வியாதியும் தலையெழுத்தும்

(சேர்வராயன் மலை, வெள்ளக்கடையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கணைய அழற்சி என்கின்ற ஒரு வயிற்று வியாதியைப் பற்றியதாகும். உங்கள் கூட்டம் என்றால் சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியுந்தானே பேச்சு, வயிற்றுவலிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. ஒருவனுக்குக் காலில் முள் குத்தினால் அவன் கோடாங்கியிடம் போவதில்லை. முள்ளைப் பிடுங்கி எறிகிறான். ஏனென்றால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதபோதுதான் பேய் வருகிறது, சாபம் வருகிறது, முன்ஜென்மம் வருகிறது, இவைகளுக்கெல்லாம் தரகு பேசுகிறவனும் வருகிறான். அதிலும் அவ்வியாதி ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்துவிட்டதோ, பிறகு சொல்ல வேண்டியதே இல்லை.

நாம் வைத்தியரல்ல. ஆனால் இவ்வியாதி நம் வீட்டில் பல வருஷம் குடியிருந்ததால் இதைப் பற்றிப் பேச நமக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு என்று நினைக்கிறோம்.

நாம் ஆத்தூர்ப் பக்கத்துக் கிழங்குக் காட்டுக்காரர். 1969-ல் நமது அண்ணனுக்கு 11 வயதாயிருக்கும்போது முதல் வலி வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி முதுகுப்பக்கம் ஊடுருவிப் போகும் வலி. படுக்க முடியாது; முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்கும். சாப்பிட்டால் அதிகமாகும், வாந்தி வரும். இரண்டு மூன்று நாள் இப்படித் துடித்துவிட்டுப் பிறகு வலி போய்விட்டது. போன இடம் தெரியாமல் ஐந்து மாதம் இருந்துவிட்டு மறுபடியும் வந்தது.

இந்த இடத்தில்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும். இவ்வலியின் சுபாவமே வருவதும் போவதுமாக இருப்பது. வந்த இரண்டாம் நாள் கோடாங்கியை அழைத்தோம். வேப்பிலை அடித்தார், மந்திரித்தார், மூன்றாம் நாள் வலி நின்றது. நின்றதற்குக் காரணம் கோடாங்கி என்று ஆகிவிட்டது. மறுபடி வலி வந்தபோது கோடாங்கிக்குத் தோல்வி என்று யாராவது சொன்னார்களா? இல்லை. நாம் ஏதோ நேர்த்திக்கடனை மறந்துவிட்டோம் என்றார்கள். அடுத்த தடவை பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வயிற்றில் நான்கு சூடு போட்டார்கள். அப்போதும் மூன்றாம் நாள் வலி நின்றது. ஆகவே சூடும் கைகண்ட மருந்தாகிவிட்டது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலும் அந்த மூன்றாம் நாள் வந்தேதான் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க அங்கு ஓர் ஆள் இல்லை. நம்மையும் சேர்த்தேதான் சொல்லுகிறோம்.

1977-ல் அவருக்கு நீரிழிவு கண்டது. 19 வயதுப் பையன், கையும் காலும் குச்சி, எந்நேரமும் தாகம், சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கு அவரைப் பரீட்சை செய்வதற்கு முன்பே கேட்கப்பட்ட முதல் கேள்வி “எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய்?” என்பதாகும். அவர் கள்ளைக்கூட மோந்து பார்த்தவரல்ல. இல்லை என்று சொன்னதை அங்கு ஒருவரும் நம்பவில்லை. அதைவிடக் கொடுமை, கேட்டுக்கொண்டிருந்த நமது தகப்பனாரே வெகுநாள்வரை அரை நம்பிக்கையாய் இருந்தார்.

1982-ல் அவருக்குக் கலியாணம் செய்தார்கள். 1986-ல், 28-வது வயதில், அவர் இறந்துபோனார். உடனே ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? அண்ணி காலடி வைத்த வேளை சரியில்லை என்றார்கள். அந்த அம்மாள் வந்து நான்கு வருஷந்தான் ஆகியிருந்தது. வலி வந்ததோ அதற்குப் 13 வருஷம் முன்பு. இந்தக் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர்கூட நம் தெருவில் இல்லாமற்போனார்கள்.

இதற்கிடையில் 1978-லேயே நமது தங்கைக்கும் 13-வது வயதில் அதே வலி வந்துவிட்டிருந்தது. பிறகு கேட்பானேன்! “குடும்பச் சாபம்”, “பரம்பரைப் பாவம்” என்று முடிவு கட்டிவிட்டார்கள். தங்கையின் சங்கதியைப் பிறகு சொல்லுகிறோம். முதலில் இந்த வியாதி என்ன என்பதைப் பார்ப்போம்.

நமது வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. ஒரு சாண்கூட நீளம் இராது. நூறு கிராம் எடைக்குள் அடங்கும். ஆனால் அது செய்யும் வேலை இரண்டு பெரிய வேலைகள். நாம் தின்னும் பருப்பையும் கறியையும் எண்ணெயையும் மாவையும் கரைக்கக்கூடிய நீரை, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், சுரந்து குடலுக்கு அனுப்புவது ஒன்று. இரத்தத்தில் சர்க்கரையை அடக்கி வைக்கும் இன்சுலினை உண்டாக்குவது மற்றொன்று.

கறியைக் கரைக்கக்கூடிய நீர் தன்னை உண்டாக்கிய கணையத்தை மட்டும் ஏன் கரைக்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த நீரில் டிரிப்சின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. கணையத்துக்குள் இருக்கும்வரை அது உறையில் போட்ட அரிவாள் மாதிரி. குடலுக்கு வந்த பிறகுதான் உறை கழற்றப்படுகிறது. தப்பித்தவறி உள்ளேயே ஓர் அரிவாள் உறை கழன்றுவிட்டால், ஓடிவந்து அதன் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு காவற்காரனும் அங்கே இருக்கிறான். அவனுக்கு டாக்டர்கள் வைத்த பெயர் ஸ்பிங்க்-1 என்பது. அந்தக் காவற்காரனை உண்டாக்கும் மரபணுவில் பிறவியிலேயே ஒரு பிழை இருந்தால் காவல் தளர்கிறது. அரிவாள் தன் வீட்டையே வெட்டுகிறது. கணையம் வீங்குகிறது, வெந்து போகிறது. அதுதான் அந்த வலி. ஆறும்போது தழும்பு விழுகிறது. மறுபடி வெட்டு, மறுபடி தழும்பு. நாளடைவில் நீர் போகும் குழாய் அடைபட்டு, அதில் சுண்ணாம்புக் கற்கள் சேருகின்றன. தழும்பு மூடிய இடத்தில் செரிமான நீரும் இல்லை, இன்சுலினும் இல்லை.

செரிமான நீர் குறைந்தால் தின்ற கொழுப்பு கரையாமல் மலத்தோடு போய்விடும். மலம் வெளுத்து, எண்ணெய்ப்பசையாய், மிதக்கக்கூடியதாய், அதிக நாற்றத்தோடு இருக்கும். ஆனால் கணையத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கெட்ட பிறகுதான் இது வெளியில் தெரியும். அன்றியும் நம்மவர்கள் தின்னும் களியிலும் கஞ்சியிலும் எண்ணெய் எங்கே இருக்கிறது, மலத்தில் மிதப்பதற்கு? பணக்காரனுக்கு மலத்தில் தெரியும் வியாதி ஏழைக்கு எலும்பில்தான் தெரிகிறது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏற வேண்டிய வைட்டமின்களும் வீணாய்ப் போவதால் எலும்பு பலமிழக்கும், மாலைக்கண் வரும், பிள்ளை வளராது. சாப்பிடுகிறான், உடம்பில் ஒட்டவில்லை, கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள்.

இது நமது பக்கத்தில் அபூர்வமான வியாதி என்று எண்ணாதீர்கள். தென்னிந்தியாவில் லட்சம் பேருக்கு 114 முதல் 200 பேர்வரை நாட்பட்ட கணைய அழற்சி உண்டென்று 2004-ல் வெளியான கணக்கு ஒன்று சொல்லுகிறது. 2008-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் இந்தியா முழுவதிலும் 1,086 நோயாளிகளைப் பரிசீலித்திருக்கிறார்கள். அவர்களில் குடியால் வந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேர். காரணம் இன்னதென்று வெளிப்படையாய்த் தெரியாதவர்கள் சுமார் 60 பேர். குடி இதற்கு ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. குடியை நாம் ஆதரிக்கவும் வரவில்லை. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனையெல்லாம் குடிகாரன் என்று கணக்கெழுதுவது வைத்தியமாகாது.

இந்தச் சமயத்தில் ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். “மரவள்ளிக் கிழங்கு தின்பதால் இது வருகிறதென்று சொல்லுகிறார்களே, உண்மையா?” என்று கேட்கிறார். நல்ல கேள்வி. சேலம் ஜில்லாவில் கிழங்கும் ஜவ்வரிசியும் எத்தனை பேருக்குச் சோறு போடுகின்றன என்பது நமக்குத் தெரியுமாதலால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம்.

1959-ல் இந்தோனேசியாவில் சூய்டேமா என்கின்ற டாக்டர், ஏழைகளான சிலருக்குக் கணையத்தில் கல்லும் கூடவே நீரிழிவும் இருப்பதை எழுதினார். அவர்கள் மரவள்ளி தின்கிறவர்கள். பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் என்பவர் இதே வியாதியை நூற்றுக்கணக்கானவர்களிடம் கண்டு விரிவாக எழுதினார். பிள்ளைப் பிராயத்தில் வயிற்றுவலி, வாலிபத்தில் நீரிழிவு, வாழ வேண்டிய வயதில் சாவு, இதுதான் அவர் கண்டது. நமது அண்ணனின் ஜாதகத்தை எழுத அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். அங்கும் ஏழைகளின் சாப்பாடு மரவள்ளிதான். அக்கிழங்கில் இயற்கையாகவே சயனைடு விஷம் உண்டாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. ஆகையால் கிழங்குதான் குற்றவாளி என்று 1979-ல் எழுதினார்கள். 1985-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதைச் சத்துக்குறைவால் வரும் நீரிழிவு என்ற தலைப்பில் சேர்த்தது.

ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் விடவில்லை. ஆப்பிரிக்காவில் நம்மைவிட அதிகமாக மரவள்ளி தின்கிற ஜனங்களுக்கு இது ஏன் இவ்வளவாக இல்லை? கிழங்கையே கண்ணால் பாராத வட இந்தியாவில் இது ஏன் இருக்கிறது? சென்னையில் எலிகளுக்கு வெகுகாலம் மரவள்ளியே கொடுத்துப் பார்த்தார்கள். எலிக்குக் கணையமும் கெடவில்லை, நீரிழிவும் வரவில்லை என்று 2000-ல் வெளியிட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் 1999-ல் தன் பழைய தலைப்பை எடுத்துவிட்டது. பிறகு 2002-ல் ஐதராபாத் ஆராய்ச்சிக்கூடத்தார் மரபணுவைப் பரிசோதித்தார்கள். நாம் முன்பு சொன்ன அந்தக் காவற்காரனின் பிழை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இருக்கக் கண்டார்கள். பின்னால் வந்த வேறு ஆராய்ச்சிகளில் மூன்றில் ஒருவரிடம் இருந்தது.

ஆகவே கிழங்கின்மேல் சாட்டிய குற்றம் ருசுவாகவில்லை. கசப்புக் கிழங்கைப் பச்சையாய்த் தின்னாதீர்கள், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதோடு சரி. பெரிய பெரிய டாக்டர்களே இருபது வருஷம் தப்பாக எண்ணியிருக்கிறார்கள், எண்ணியது தப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். சூடு போட்டது தப்பு என்று ஒப்புக்கொண்ட கோடாங்கியை நாம் இன்னும் பார்க்கவில்லை.

இனி “பரம்பரை” என்கின்ற வார்த்தைக்கு வருவோம். இந்த நாட்டில் இந்த வார்த்தை செய்திருக்கும் அக்கிரமம் கொஞ்சமல்ல. ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பதற்கும் இதுவே ஆதாரம். வியாதிக்காரனைக் கைவிடுவதற்கும் இதுவே ஆதாரம். பரம்பரை என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, முயற்சி வேண்டாம், விட்டுவிடு என்று அர்த்தம் செய்துகொள்ளுகிறோம். மரபணுக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. மேல்நாட்டில் சில குடும்பங்களில் தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ வரும் ஒரே பிழை பெரும்பாலும் வியாதியாகவே முடிகிறது. அதன் மரபணுவை 1996-ல் கண்டுபிடித்தார்கள். நமது பக்கத்து வியாதி அத்தகையதல்ல. அந்தக் காவற்காரனின் பிழை, வியாதியே இல்லாமல் சுகமாய் இருக்கிறவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இருக்கிறது. இக்கூட்டத்தில் இருநூறு பேர் இருந்தால் நான்கைந்து பேரிடம் இருக்கலாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் ஒன்றும் வராது. வேறு மரபணுப் பிழைகளும், பீடியும், குடியும், இன்னும் பிடிபடாத சிலவும் சேர்ந்தால்தான் வியாதி மூளுகிறது. சீமை நெருப்புக்குச்சி வீட்டில் இருப்பதாலேயே கூரை பற்றிக்கொள்வதில்லை.

இரண்டாவது சீட்டு: “அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்கலாமா?” இதைக் கேட்டவர் தன் பெயரை எழுதவில்லை. தாராளமாய் எடுக்கலாம், கொடுக்கலாம். ஆனால் இந்த வியாதி உள்ள குடும்பத்தில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவது என்பதை மட்டும் விட்டுவிடுவது நல்லது. ஒரே பிழை இரு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர அது வழி வைக்கும். சொத்து வெளியே போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு வியாதியையும் வெளியே விடாமல் வைத்துக்கொள்ளுகிறது. இன்னொன்று. மரபணு தகப்பனிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி வருகிறது. கிரகணத்தில் வெளியே வந்தாள், கர்ப்பத்தில் கண்டதைத் தின்றாள் என்று தாயை மட்டும் கூண்டில் நிறுத்தும் வழக்கத்துக்கு இதில் இடமே இல்லை. நமது தாயார் சாகும்வரை தானே தன் பிள்ளையைக் கொன்றதாக நம்பிக்கொண்டிருந்தார். அதற்கு நாமும் உடந்தை.

இப்போது தங்கையின் சங்கதி. அண்ணன் போன பிறகு நமக்குப் புத்தி வந்தது. 1988-ல் ஒரு வைத்தியர் தங்கையின் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார். கணையம் இருக்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாய்க் கற்கள். மாலை தொடுத்த மாதிரி இருந்தது. மறு வருஷமே நீரிழிவும் வந்தது, இன்சுலின் ஆரம்பித்தார்கள். 1994-ல் வலி தாங்க முடியாமற் போனபோது வயிற்றைத் திறந்து, அடைபட்ட குழாயை நெடுகப் பிளந்து, கற்களை எடுத்து, குடலோடு இணைத்து விட்டார்கள். வலி பெரும்பாலும் போயிற்று. இன்று வெளியிலிருந்தே அதிர்வலையால் கல்லை உடைத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கவும் செய்கிறார்கள். தங்கை இன்று அறுபதைத் தொட்டவர். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார்.

ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீட்டுச் சோறு, ஒரே வியாதி. தலையெழுத்து என்று ஒன்று இருந்தால் இருவருக்கும் ஒரே எழுத்தாகத்தானே இருந்திருக்க வேண்டும்? ஒருவருக்குச் சூட்டுக்கம்பி கிடைத்தது. மற்றவருக்கு எக்ஸ்ரே கிடைத்தது. இது நம் வீட்டு அதிசயமுமல்ல. சென்னையில் டாக்டர் வி. மோகன் முதலானவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 1996-ல் எழுதியதில், முதல் வயிற்றுவலி வந்து 35 வருஷமான பிறகும் பெரும்பாலோர் உயிரோடிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

இன்சுலினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவ்வியாதியில் சர்க்கரை ஏறுவதும் திடீரென்று இறங்குவதும் உண்டு. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் காப்பித் தோட்டத்துக்கு மேடேறிப் போனால் நடுவழியில் உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், ஆளை அடையாளம் தெரியாது. நம்மவர்கள் உடனே சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் கொளுத்துவார்கள். தோழர்களே, அப்போது வேண்டியது கற்பூரமல்ல, வெல்லம். நினைவு இருக்கும்போதே வெல்லத்தையோ சர்க்கரைத் தண்ணீரையோ கொடுத்தால் கால் மணியில் “சாமி” மலையேறிவிடும். நினைவு தப்பியவர் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இதற்காகவேதான் ஊசி போடுகிறவர்கள் விரதம், ஒருவேளைச் சாப்பாடு என்று இருக்கக் கூடாது என்கிறோம்.

செரிமான நீருக்குப் பதிலாக மாத்திரை இருக்கிறது. சாப்பாட்டோடு கூடவே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பிரயோஜனமில்லை. அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதால் வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்காலத்தில் இன்சுலினும் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டதுதான். ஆசாரசீலர்கள் எத்தனையோ பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் பூஜை செய்தார்கள். மாத்திரை கிடைத்துவிட்டால் எண்ணெயைக் கண்டு பயப்பட்டுப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை. முட்டை, பருப்பு, அவரை, கறி, கேழ்வரகு எல்லாவற்றையும் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பல வேளையாகக் கொடுக்கலாம். பீடி மட்டும் கூடவே கூடாது. வயதான பிறகு, அடங்கியிருந்த வலி புதிதாய்க் கிளம்பினாலோ, காரணமில்லாமல் இளைத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ தாமதிக்கக் கூடாது. இவர்களுக்குக் கணையத்தில் புற்று வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம்.

இம்மாத்திரை விலை அதிகமான சரக்கு. தோட்டக் கூலியில் மாதாமாதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. 2021 முதல் நமது மாகாண சர்க்கார் நீரிழிவு மருந்தை வீடு தேடிக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது. அந்தப் பையிலேயே இதுவும் வர வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல. மலைமேல் இருக்கிறவன் மாத்திரைக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. இதைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்தவுடன் தலைவர் படிப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் வைக்கலாம்.

கடைசிச் சீட்டு ஒரு தாயாருடையது. “என் மகனுக்கு 9 வயது. நீங்கள் சொன்ன மாதிரியே குனிந்து உட்காருகிறான். வெள்ளிக்கிழமை மந்திரிக்கப் போவதாயிருக்கிறோம். என்ன செய்ய?” என்று கேட்கிறார்.

அம்மா, வெள்ளிக்கிழமைவரை வேண்டாம். நாளைக்கே ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அங்கிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்குங்கள். வலி எப்போது முதல் வந்தது, எத்தனை நாள் நிற்கிறது, முதுகுக்குப் போகிறதா, மலம் எப்படி இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வயிற்று ஸ்கேனும், எக்ஸ்ரேயும், இரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். வேறு ஏதாவது வயிற்று நோயாக இருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். வலி தானாக நின்றுவிட்டாலும் போக மறக்காதீர்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால், நாம் நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறோம், கூடவே வருகிறோம்.